தொண்ணூறாம் நம்பர் ஆயில்

கடைத்தெருவே பார்க்க, 'கிளட்ச்சே இல்லாத வண்டியைக்கூட ஓட்டத் துப்பில்லாத பய' என்று மருமகன் நசுருதீனை அப்துல் குத்தூஸ் ராவுத்தர் ஏசினாரே, அந்த ஏச்சு இன்னும் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லை விட்டுப் போகவில்லை. டீக்கடையில் டீயோடு சேர்த்து அதுவும் பரிமாறப்பட்டது. பூண்டு மூட்டை ஏற்ற வந்த குதிரைக்காரர்கள் அதை மேல்மலை வரைக்கும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

நடந்தது இவ்வளவுதான். ஆஸ்பத்திரி டாக்டர் துரை அமெரிக்காவுக்கே திரும்பிப் போனபோது, அவருடைய பச்சை நிறக் காரை ராவுத்தர் வாங்கினார். தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் கார். மலையில் அப்படி ஒரு வண்டி வேறு யாரிடமும் கிடையாது. பண்ணைக்காட்டுக் கந்தவேல், போன வாரம் நடந்த தன் மகன் கல்யாணத்தன்று மருமகள் அந்தக் காரில்தான் வந்து இறங்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். வத்தலக்குண்டிலிருந்து பெண்ணை ஏற்றி வந்த கார் பண்ணைக்காட்டு ஏற்றத்தில் உறுமியது, நின்றது, பிறகு மெல்லப் பின்னால் உருண்டது. நசுருதீன் எப்படியோ மண்மேட்டில் சாய்த்து நிறுத்திவிட்டான். யாருக்கும் காயமில்லை. ஆனால் கல்யாணப் பெண், பட்டுச் சேலையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மழைச் சேற்றில் நடந்துதான் புகுந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். வழியெல்லாம் அழுதுகொண்டே போனாள்.

நசுருதீன் ராவுத்தருக்கு வெறும் மருமகன் இல்லை. இறந்துபோன தங்கையின் மகன். தன் வீட்டுச் சோற்றில் வளர்த்து, தன் ஒரே மகள் சபுராவையும் கட்டிக் கொடுத்தார். கட்டிக் கொடுத்த பிறகும் 'மாப்பிளே' என்று வாய் வரவில்லை. சின்னதில் எப்படிக் கூப்பிட்டாரோ அப்படியே 'ஏலே' என்றுதான் கூப்பிட்டார். அவனும் அதற்குத்தான் திரும்பிப் பார்த்தான்.

அப்படிப்பட்டவர் இன்றைக்கு வெள்ளனே எழுந்து, மப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் அந்தப் பச்சைக் காரின் சாவியை எடுத்தார். காரணம் இருந்தது. பள்ளிக்கூடத்து வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் சுப்புராஜ் இன்று ராவுத்தரின் பூண்டுக் கடைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பிள்ளைகளை ஏற்றும் வேனுக்கு டிரைவர் வேண்டும். அட்டுவம்பட்டியில் குடியிருக்க வீடும் உண்டு. நசுருதீனுக்கு இப்படி ஒரு வேலை கிடைக்கும் என்று சபுரா தன் கல்யாணமான நாள்முதலாகக் காத்திருந்தாள். டிரைவர் விஷயத்தில் குத்தூஸ் ராவுத்தரின் ஒரு வார்த்தை லைசென்ஸுக்குச் சமம். இந்த மலைப்பாதையில் இன்று லாரி ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் அவரிடம் தொழில் படித்தவர்கள்.

'வண்டியில் கோளாறு ஒன்றும் இல்லை என்று நானே ஒரு தரம் ஓட்டிப் பார்த்துவிட்டால், தப்பு ஓட்டினவன் மேல்தான் என்று நெஞ்சறியச் சொல்லிவிடலாம்' என்பது ராவுத்தரின் கணக்கு.

கணக்கு செண்பகனூர் இறக்கம் வரைக்கும் சரியாக இருந்தது. திரும்பி ஏறும்போதுதான் வண்டி தன் வேலையைக் காட்டியது.

லிவரை இழுத்தார். எஞ்சின் கூச்சல் போட்டது, சக்கரம் அசையவில்லை. இன்னும் அழுத்தினார். ஒன்றுமில்லை. 'என்னடா இது' என்று காலை எடுக்கப் போன நேரத்தில் வண்டி ஒரு வெட்டு வெட்டி முன்னால் பாய்ந்தது. ராவுத்தரின் நெற்றி ஸ்டியரிங்கில் மோதியது. பத்துக் கஜ தூரம் ஏறியிருக்காது, பிடி விட்டுப் போயிற்று. எஞ்சின் முன்னால் போகிறேன் என்றது, வண்டி பின்னால் போயிற்று. பிரேக்கின் மேல் ஏறி நின்றார் என்றே சொல்ல வேண்டும்.

பனி மூடியிருந்ததால் யாரும் பார்க்கவில்லை. அந்த ஒரு ஆறுதலோடு, வண்டி சூடேறிய பிறகு நொண்டி நொண்டி வீடு வந்து சேர்ந்தார்.

அடுப்படியில் மனைவி அமீருன்னிசா குந்தியிருந்தாள். அந்த ஏச்சுக்குப் பிறகு ஒரு வாரமாக அவரோடு அவள் பேசுவதெல்லாம் 'சோறு வச்சிருக்கு', 'டீ இருக்கு' என்ற அளவில்தான். கையிலிருந்த தேங்காயெண்ணெய்ப் பாட்டிலை அடுப்புத் தணலில் காட்டிக்கொண்டிருந்தாள். எண்ணெய் வெள்ளையாக உறைந்து கிடந்தது. கொடைக்கானலில் எந்த வீட்டிலும் காலையில் நடப்பதுதான்.

"வெரசா டீயக் குடு" என்றார்.

"இருங்க. சபுராவுக்குத் தலைக்கு எண்ணெய் வேணும். இது கல்லு மாதிரி கெடக்கு. சூடு காட்டுனாத்தான் எறங்கும்."

சொன்னவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். கேட்டவர்தான் மப்ளரை அவிழ்ப்பதைப் பாதியில் விட்டார்.

சூடு காட்டினால்தான் இறங்கும்.

கந்தவேல் வீட்டுக் கல்யாணத்துக்கு முன்னால், நசுருதீன் டயர் வாங்கப் பெரியகுளம் போயிருந்த அன்று, ராவுத்தர் தன் கையாலேயே அந்தக் காருக்கு அடியில் படுத்தார். பெரிய சவாரிக்கு முன்னால் கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றுவது அவர் வழக்கம். திருகைத் திறந்தால் நன்னாரி சர்பத் மாதிரி சிவப்பாக, தண்ணீராக என்னவோ ஒழுகியது. 'இந்தத் தண்ணியை வச்சுக்கிட்டா டாக்டர் மலை ஏறுனாரு' என்று சிரித்தார். மலை ஏறும் வண்டிக்குக் கனமான ஆயில் வேண்டும் என்பது லாரிக்காரர்களின் வேதம். தன் லாரிகளுக்கு ஊற்றும் தொண்ணூறாம் நம்பர் ஆயிலை எடுத்தார். அது காரின் ஒடுக்கமான குழாயில் இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. ராவுத்தர் விடுவாரா? கெட்டிலில் ஊற்றி, அடுப்பில் சுட வைத்து, புனல் வைத்து இறக்கினார். ஆயிலே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. அவர்தான் கேட்கவில்லை.

நசுருதீனும் சொல்லியிருக்கிறான். டாக்டர் துரையிடம் அந்தக் காரை ஓட்டியவனே அவன்தானே. வண்டி வாங்கிய புதிதில், "மாமா, இதுக்குச் செவப்பு ஆயில் மட்டுந்தான் ஊத்தணும்னு துரை சொல்லிட்டுப் போயிருக்காரு. இந்த வண்டியில கியர மாத்துறதே அந்த ஆயில்தானாம்" என்றான். "ஏலே, ஆயில் கியர் மாத்துமாக்கும்? அப்ப நீ எதுக்குலே?" என்று கேட்டு லாரி டிரைவர்களையெல்லாம் சிரிக்க வைத்தார் ராவுத்தர்.

டீ வந்தது. அவர் குடிக்கவில்லை. மண்மேட்டில் சாய்ந்த காரையும், சேற்றில் நடந்த பெண்ணையும், தலையைக் குனிந்து ஏச்சு வாங்கிய பையனையும் நினைத்தார். முகம் பற்றி எரிந்தது. யாருக்கும் தெரியாது என்று நினைத்தபோது கொஞ்சம் அடங்கியது. அடங்கியதற்காக மறுபடியும் எரிந்தது.

*

சுப்புராஜ் சொன்னபடி வந்துவிட்டார். கடையில் லாரி டிரைவர்கள் இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே நசுருதீன் பூண்டு மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"ராவுத்தரே, சுத்தி வளைச்சுப் பேச நேரமில்ல. பச்சப் புள்ளைங்க ஏர்ற வேன். பண்ணைக்காட்டுல நடந்தது வண்டி மேல தப்பா, ஓட்டுனவன் மேல தப்பா? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

ராவுத்தர் வாயைத் திறந்தார். சொல்லிவிடத்தான் திறந்தார். இதை நாம் நம்பலாம். ஆனால் பெஞ்சில் இருந்த இருவரும் அதே நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தார்கள். 'எந்த வண்டிக்கு எந்த ஆயில்னு தெரியாம ஊத்துனாராம்ல' என்று நாளைக்கு இவர்கள் பேசுவது இப்போதே காதில் விழுந்தது.

"சின்ன வயசுதானே சுப்புராசு. போகப் போகக் கைக்கு வந்துரும்."

"அப்படிங்களா?"

"மத்தபடி நல்ல பையன்தான்."

சுப்புராஜ் எழுந்துவிட்டார். "புரிஞ்சுதுங்க. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும். சாயங்காலம் வேற ஆளுக்குச் சொல்லி அனுப்பிர்றேன்."

உள்ளே மூட்டை சத்தம் நின்றது. நசுருதீன் கையிலிருந்த மூட்டையைப் போடவில்லை. மெல்ல இறக்கி வைத்தான். மேலே ஒட்டியிருந்த பூண்டுச் சருகைத் தட்டிக்கொண்டு, மாமாவைப் பார்க்காமலே பின்வாசல் வழியாகப் போய்விட்டான். ஒரு முறை முறைத்துப் பார்த்திருந்தால்கூட ராவுத்தருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

*

செய்த காரியத்தை மறைக்க மனிதனுக்கு என்னமாய் யோசனை வருகிறது! துரை போகும்போது ஒரு டின் சிவப்பு ஆயில் விட்டுப் போயிருந்தார். 'தையல் மிஷினுக்கு ஆகும்' என்று அதை வீட்டில் கொடுத்தது ராவுத்தருக்கு நினைவு வந்தது. சத்தமில்லாமல் ஆயிலை மாற்றிவிட்டால் வண்டி சரியாகிவிடும். பிறகு எல்லோரும் மறந்துவிடுவார்கள். பையனுக்கு வேறு நல்ல வேலையாகப் பார்த்துக் கொடுத்துவிடலாம்.

வீட்டுக்குப் போனார்.

"அந்தச் செவப்பு ஆயில் டின் எங்க கெடக்கு?"

அமீருன்னிசா தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அது இங்க இல்ல. நசுருதீன் வாங்கிட்டுப் போயிட்டான்."

"எப்ப?"

"பண்ணைக்காட்டுக் கல்யாணத்துக்கு மறுநாளே. 'மிஷினுக்கு ஊத்தித் தீத்துராதீங்க மாமி, மாமாவுக்கு வேண்டியிருக்கும்'னான்."

ராவுத்தர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கா? எனக்குன்னா சொன்னான்?"

பதில் அறைக்குள்ளிருந்து வந்தது. சபுரா தகரப் பெட்டியில் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தா, ஷெட்டுக் கதவப் போய்ப் பாருங்க."

பார்க்க வேண்டியதில்லை. வடித்த ஆயிலைக் கீழே கொட்டுவது ராவுத்தர் பரம்பரையில் கிடையாது. பனியில் மரம் உளுத்துப் போகாமலிருக்க லாரி ஷெட்டின் கதவுக்கும் கம்பங்களுக்கும் பூசிவிடுவார்கள். வழக்கமாகக் கதவு கறுப்பாக இருக்கும். அன்றைக்கு அவர் பூசிய ஆயிலால் புதுப் பலகை ஒன்று சிவப்பாக மின்னிக்கொண்டு நின்றது. தினம் அதைத் தாண்டித்தான் போனார், வந்தார்.

"கல்யாணத்துக்கு மறுநாளே நாங்க ரெண்டு பேரும் பாத்துட்டோம். 'என்ன மச்சான், கதவு செவந்து கெடக்கு'ன்னு கேட்டேன். வாயப் பொத்துனாக. 'மாமா தானே கண்டுபிடிச்சுச் சொல்லுவாக. நாம சொன்னா அவுகளுக்கு ஊர்ல மொகம் இருக்காது'ன்னாக." சபுராவின் குரல் உடைந்தது. "இன்னைக்குக் காலையில வரைக்கும் அப்படித்தான் சொன்னாக."

காலையில் வரைக்கும். கடையில் மூட்டையை இறக்கி வைக்கும் வரைக்கும்.

"இப்ப எங்க அவன்?"

"வத்தலக்குண்டு பஸ்ஸுல எடம் போட்டுட்டு வரப் போயிருக்காக. தேனிப் பக்கம் லாரிக்கு ஆள் கேட்டிருந்தாங்களாம். நானும் கூடப் போறேன்." பெட்டியைத் தாழ்போட்டாள். "தடுக்காதீங்கத்தா. இங்க இருந்தா அவுகளும் ஒங்கள மாதிரி எதையாச்சும் மறைச்சுக்கிட்டே இருக்கணும்."

மகள் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வாங்குவதற்குப் பதில், காலையில் அந்தப் பிரேக்கை விட்டுவிட்டு உருண்டே போயிருக்கலாம் என்று ராவுத்தர் நினைத்தார். செருப்பைக்கூட மாட்டாமல் கடைத்தெருவுக்கு நடந்தார்.

*

டீக்கடையில் சுப்புராஜ் இருந்தார். வாழைத்தார் இறக்க வந்த பண்ணைக்காட்டுக் கந்தவேலும் இருந்தார். ஒரு வாரமாக ராவுத்தர் யார் கண்ணில் படக்கூடாது என்று ஒதுங்கினாரோ அந்தக் கந்தவேல். 'நல்லது, இவரும் கேட்கட்டும்' என்று ராவுத்தர் மனதைக் கல்லாக்கிக்கொண்டார்.

"சுப்புராசு, நான் காலையில சொன்னது பொய். அந்த வண்டியக் கெடுத்தது நான். லாரி ஆயில ஊத்திட்டேன். பையன் மேல ஒரு குத்தமும் இல்ல."

கந்தவேல் எழுந்து வந்து ராவுத்தரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களாய்யா? மருமகனுக்கு ஒரு பொழப்பு அமையணும்னு பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிறாரு. எனக்கு இவரு மேல கோவம் இருந்துச்சு, இப்பச் சொல்றேன், மனுசன்னா இவருதான்யா."

"கந்தவேலு, நெசமாத்தான்..."

"குத்தூஸ் ராவுத்தரு ஆயில மாத்தி ஊத்துவாராம்!" என்று ஒரு டிரைவர் சிரித்தான். "இத நாங்க நம்பணுமாக்கும்."

சுப்புராஜும் சிரித்தார், ஆனால் மரியாதையாக. "ஒங்களுக்குப் பெரிய மனசு. ஆனா வேன் ஓட்டப் பெரிய மனசு மட்டும் பத்தாதே ராவுத்தரே."

இப்படி ஒரு தண்டனையை ராவுத்தர் எதிர்பார்க்கவில்லை. காறித் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டிருப்பார். பொய்யை ஒரே நொடியில் நம்பிய ஊர், உண்மையைச் சொன்னதும் தோளில் தட்டிக் கொடுக்கிறது. அந்தப் பாராட்டு உடம்பில் ஊர்வது போலிருந்தது. காலையில் இதே மரியாதையைக் காப்பாற்றத்தானே அந்தப் பையனை விற்றோம் என்று நினைத்தார். நினைத்ததும் கண் கலங்கிவிட்டது.

"எல்லாரும் வாங்க" என்று கத்தினார். "என் ஷெட்டுக்கு வாங்க. வந்து பாத்துட்டு அப்புறம் பேசுங்க."

வேடிக்கை என்றால் மூஞ்சிக்கல் வராமல் இருக்குமா? கூட்டம் சேர்ந்துவிட்டது. ராவுத்தர் யாரையும் தொடவிடவில்லை. பச்சைக் காருக்குத் தானே ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கினார். சக்கரத்துக்குக் கல் போட்டார். வெள்ளை வேட்டி, சட்டையோடு மல்லாந்து படுத்து, முதுகைத் தேய்த்துக்கொண்டே வண்டிக்கு அடியில் நகர்ந்தார். கூட்டத்தில் யாரோ 'அடடா, வேண்டாம்ங்க' என்றார்கள்.

திருகைக் கழற்றினார்.

காலையில் ஓடிய சூடெல்லாம் ஆறிப்போயிருந்தது. ஆயில் விழவில்லை. எட்டிப் பார்த்துக்கொண்டு தொங்கியது. பிறகு கருஞ்சிவப்பாக, பாகு மாதிரி, நூலாக இறங்கியது. கந்தக நாற்றம் ஷெட் முழுக்கப் பரவியது. லாரிக்காரர்களுக்கு அந்த நாற்றத்தை அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை.

சுப்புராஜ் குனிந்து இரண்டு விரலில் தொட்டு உருட்டிப் பார்த்தார். "தொண்ணூறாம் நம்பரு" என்றார்.

"கதவையும் பாருங்க" என்றார் ராவுத்தர் கீழேயிருந்து. "அதுல செவப்பா இருக்கறதுதான் இந்த வண்டியோட ஆயிலு. அத வடிச்சு மரத்துக்குப் பூசிட்டு, இத உள்ள ஊத்துனேன். சுட வச்சு ஊத்துனேன். அவன் வேண்டாம்னு முன்னாலேயே சொன்னான். நான்தான் கேக்கல."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கந்தவேலின் குரல் மட்டும் கேட்டது.

"அப்ப அந்தப் புள்ளைய ஊரு முன்னால எதுக்குய்யா அப்படி ஏசுனீரு?"

ராவுத்தருக்கு வண்டிக்கு அடியில் கிடந்தது ஒரு வகையில் வசதியாகத்தான் இருந்தது. முகத்தைக் காட்ட வேண்டியதில்லை. கூட்டத்தின் கால்கள் மட்டுமே தெரிந்தன. ஒவ்வொன்றாக விலகின. சுப்புராஜின் பூட்ஸ் மட்டும் கொஞ்சம் நின்றது.

"ராவுத்தரே, பெரியவங்கள நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல. நாளைக்குக் காலையில நசுருதீன வேன் கிட்ட வந்து நிக்கச் சொல்லுங்க. வேற ஆளுக்கு இன்னும் சொல்லல."

பூட்ஸும் போயிற்று.

அப்போதுதான் வேறு கால்கள் வந்தன. டயரில் வெட்டித் தைத்த செருப்பு. அது யாருடையது என்று ராவுத்தருக்குத் தெரியும். அதற்குப் பின்னால் சபுராவின் கால்கள். நடுவில் தகரப் பெட்டி.

நசுருதீன் குனிந்தான். முகம் தெரியவில்லை, கை மட்டும் தெரிந்தது. சிவப்பு ஆயில் டின்னை மாமாவின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தது. மூடியை லேசாகத் தளர்த்தியும் வைத்தது, வழுக்கும் கையால் அவர் அல்லாடக் கூடாதே என்று. வைத்துவிட்டு எழுந்தது.

டயர்ச் செருப்பு திரும்பி, பஸ் நிற்கும் பக்கமாக நடந்தது. வத்தலக்குண்டு பஸ் ஹாரன் அடித்தது.

ராவுத்தர் எழ முயன்றார். வயதான உடம்பு, ஒடுக்கமான இடம்; தலை இடித்தது. மார்பில் ஆயில் ஒழுகிக்கொண்டிருந்தது. பழக்கத்தில் 'ஏலே' என்று வாயில் வந்ததை விழுங்கினார். இத்தனை வருஷம் தொண்டையைத் தாண்டாத ஒரு சொல்லைக் கடைத்தெரு கேட்கக் கூவினார்.

"மாப்பிளே! மாப்பிளே, போகாதீங்க!"

செருப்புச் சத்தம் நின்றது. பஸ் மறுபடியும் ஹாரன் அடித்தது. அந்தக் கால்கள் எந்தப் பக்கம் திரும்பி நிற்கின்றன என்று பார்க்கத் தலையைச் சாய்த்தார் ராவுத்தர். பார்க்க முடியவில்லை. அவர் ஊற்றிய ஆயிலே அவர் கண்ணில் விழுந்துவிட்டது.